ஆவுடையப்பன் கயாவில் விட்ட பாகற்காய்

கடவுளை ஏமாற்ற மனிதன் கண்டுபிடித்த வழிகளிலேயே உடம்பு நோகாத வழி, காசிக்குப் போய்ப் பாகற்காயை விட்டுவிட்டு வருவதுதான். கயாவில் பெரிய ஆலமரம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் உட்கார்ந்து, செத்துப்போன அப்பன் ஆத்தாளை நினைத்து, நமக்கு உயிராக இருக்கிற ஒரு தின்பண்டத்தை, காயோ கனியோ கீரையோ, இனி ஆயுசுக்கும் தொடமாட்டேன், இது உங்களுக்கு என்று சொல்லிவிட்டு வரவேண்டும் என்பது முறை. முறை வகுத்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் வகுக்கிற நேரத்தில் அம்பாசமுத்திரம் பக்கத்து ஆட்களை அவர்கள் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அங்கே காசிக்குப் போய்வந்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள், மாம்பழத்தை விட்டவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகிற சாலையில், வயலை மேடாக்கிப் பிளாட் போட்ட இடத்தில் காந்திமதி நகர் இருக்கிறது. நகர் என்றால் ஒரே தெரு. பிள்ளைகள் பெங்களூருக்கும் மஸ்கட்டுக்கும் போனபிறகு பென்ஷன்காரர்களாக மட்டுமே மிஞ்சிய தெரு. அங்கே சர்க்கரை இல்லாத வீடு கிடையாது, அடுக்களையிலும் சரி, ரத்தத்திலும் சரி. சாயங்காலமானால் முக்குக் கடையில் வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுகொண்டே யாருக்கு எத்தனை மாத்திரை என்று பெருமை பேசிக்கொள்வார்கள். அந்தப் பெருமையில் முதல் வரிசை ஆவுடையப்பனுக்கு. மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர், ஒரு காலத்தில் அணில் மாதிரி போஸ்ட் ஏறியவர், இப்போது வாசற்படி ஏறுவதற்கே இரண்டு தடவை சாமியைக் கூப்பிடுகிறவர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாயங்காலம் அல்வாச் சட்டி இறங்குகிற நேரம் அவருக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரியும். வாழையிலைத் துண்டில் சுடச்சுட அல்வா, கை துடைக்கக் கொஞ்சம் மிக்சர், இது இல்லாமல் அவர் பொழுது சாய்ந்ததில்லை.

ஒரு மாசி மாதம் தெருவே சேர்ந்து காசிக்குப் போனது. கயாவில் ஆலமரத்தடியில் சடங்கு செய்துவைக்கிற பண்டா உட்கார்ந்துகொண்டு, அவர் கற்றுவைத்திருந்த கால்வாசித் தமிழில், "சாமி, பிடிச்ச காய் சொல்லு" என்றார். ஆவுடையப்பன் ஆஸ்தியையே எழுதிவைக்கிற முகத்தோடு நெஞ்சை நிமிர்த்தி, "பாகற்காய்!" என்றார். பின்னால் சிரிப்பு கேட்டது. அடுத்த வீட்டுக் கோலப்பன், பேங்க்கில் கேஷியராக இருந்தவர், அகத்திக்கீரையை விட்டார். கணக்கு டீச்சர் செண்பகம், ஒரு சொட்டுக் கண்ணீரோடு, சுரைக்காயை விட்டாள். இப்படியே ஒவ்வொருவரும் வாயில் வைக்கச் சகிக்காத ஒன்றைத் தங்கள் தங்கள் முன்னோர்களுக்கு மனமுவந்து கொடுத்துவிட்டு எழுந்தார்கள். ஆவுடையப்பனின் மனைவி வடிவு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "கத்தரிக்காய்" என்று மெதுவாகச் சொன்னாள். எண்ணெய்க் கத்தரிக்காய் இல்லாமல் அவளுக்கு ஒரு வாரம் கழிந்தது கிடையாது.

ரயில் ஏறியதும் ஆவுடையப்பன் சண்டையை ஆரம்பித்தார். "ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? கத்தரிக்காய விட்டுட்டு வந்திருக்கியே, குழம்புக்கு என்னத்தப் போடுவ?"

"பிடிச்சதத்தான விடச் சொன்னாவ?"

"அவன் சொல்லுவான். சொன்னா அப்படியே செஞ்சிருவியா?"

வடிவு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். மறுநாள் இரவு எல்லாரும் தூங்கினார்கள். விஜயவாடா தாண்டி விடிந்தபோது, ஆவுடையப்பனின் கைக்கடிகாரத்தைச் சுற்றிக்கொண்டு பச்சையாக ஒரு கொடி இருந்தது. அது பெர்த்துக்கு அடியில் போய், கம்பார்ட்மெண்ட் நீளத்துக்கும் ஓடி, கதவு வழியாக வெளியே இறங்கி, தண்டவாளத்தோடு வடக்கே போயிருந்தது. டிக்கெட் பரிசோதகர் அதைக் காலில் இடறாமல் தாண்டி வந்து, டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "காய் வர்றதுக்கு முந்தி ஊர் போய்ச் சேந்திருவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடியே நடந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கிவைத்த மறுநாள் காலை, வடிவு வாசல் தெளித்து வெள்ளிக்கிழமைக் கோலம் போட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தால், கேட்டில், ஜன்னல் கம்பியில், மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில், உள்ளே மின்விசிறியில், டிவிக்கு மேலே, சாய்வு நாற்காலியின் இரண்டு கையிலும், முள்ளு முள்ளாக, பச்சைப் பசேலென்று பாகற்காய் தொங்கியது. செண்பகம் டீச்சர் கணக்குக்காரி என்பதால் கொடியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தாள். வீட்டைச் சுற்றி, தெருவைத் தாண்டி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வரை போய்விட்டு வியர்த்து விறுவிறுத்துத் திரும்பிவந்தாள். "வேரு இங்கன இல்ல அண்ணாச்சி. வேரு கயாவுல இருக்கு" என்றாள்.

"வெட்டிப் போட்டுருவோம்" என்றார் ஆவுடையப்பன். வெட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, வெட்டின இடத்தில் இரண்டு கொடி வந்து, ஒன்று தண்ணீர்ச் செம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அவர் அரிவாளை எடுக்கவில்லை.

பங்குனி பிறப்பதற்குள் கோலப்பன் வீட்டுக் குளியலறையில் தரையைப் பிளந்துகொண்டு அகத்தி மரம் வந்தது. கூரையைப் பொத்துக்கொண்டு ஓட்டின் மேலே கிளை விட்டது. அவர் அதன் அடியில் நின்றுதான் குளித்தார். செண்பகம் டீச்சர் வீட்டு மாடியில் சுரைக்காய்கள் குழந்தைகள் மாதிரி வரிசையாகப் படுத்துக்கிடந்தன. யார் யார் எதைக் களவாணித்தனமாக விட்டார்களோ அது அது அவரவர் வாசலுக்கு வந்து சேர்ந்தது. வடிவு ஒருத்தி பெயரைச் சொல்லி ஒரு கத்தரிக்காய்கூட வரவில்லை. தபால்காரர் தலையைக் குனிந்து கொடிக்கு அடியில் நுழைந்து தபால் கொடுக்கப் பழகிக்கொண்டார். கேபிள்காரன் வயருக்குப் பதிலாகக் கொடியை இழுத்துக் கட்டிவிட்டுப் போய், இரண்டு நாள் கழித்துத்தான் தப்பைக் கவனித்தான். அதுவரைக்கும் படம் தெளிவாகவே தெரிந்தது. பாபநாசம் போகிற பஸ்ஸில் கண்டக்டர்கள், "பாகற்கொடி ஸ்டாப் இறங்கு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பிள்ளையார் கோயில் முன்னால் நலச்சங்கக் கூட்டம் போட்டார்கள். கோலப்பன்தான் செயலாளர். விட்ட பண்டத்தை விட்டவர் தின்றால் பாவம் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. விளைகிற பண்டத்தைக் குப்பையில் போட்டாலும் பாவம் என்பதிலும் ஒரே கருத்து. இரண்டு பாவத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தபோது, கூட்டத்தில் எப்போதும் வாய் திறக்காத வடிவு சொன்னாள்: "ஒங்க காய நீங்கதான திங்கக்கூடாது? அடுத்த வீட்டுக்காரவ தின்னா என்ன?"

அதோடு தெருவின் போக்கே மாறிவிட்டது. விடிந்ததும் வயர்க் கூடையைத் தூக்கிக்கொண்டு கோலப்பன் அகத்திக்கீரையை வீடு வீடாகக் கொண்டுபோனார். செண்பகம் டீச்சர் சுரைக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனாள். மேற்கே இருந்தவர்கள் முள்ளங்கியோடு கிழக்கே வந்தார்கள். கிழக்கே இருந்தவர்கள் வாழைப்பூவோடு மேற்கே போனார்கள். நடங்க, நடங்க என்று டாக்டர்கள் தொண்டை வற்றக் கத்தியும் கேட்காத கால்கள், கீரைக்கட்டைக் கொடுப்பதற்காக நடந்தன. தெரு போதாமல் பக்கத்து நகர்களுக்கும் போனார்கள். காய் வாடுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று வேகமாக நடந்தார்கள். கொடுத்தவர் முகம் கோணக்கூடாதே என்று வாங்கினவர்கள் சமைத்தார்கள், சமைத்துவிட்டோமே என்று தின்றார்கள், தின்றுவிட்டதால் சாயங்காலம் பஜ்ஜிக்கு வயிற்றில் இடமில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்த கோலப்பனே ஆனி மாதத்தில் ஒருநாள் பேண்ட்டை இடுப்பில் பிடித்துக்கொண்டு தையற்கடைக்குப் போனார்.

மாறாதவர் ஆவுடையப்பன் ஒருவர்தான். அவர் வீட்டுப் பாகற்காயைத் தெருவே தின்றது. அவரும் வடிவு வைத்த சுரைக்காய்க் கூட்டைத் தின்றார், அகத்திக்கீரையைத் தின்றார், தின்ற கையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அல்வாவையும் தின்றார். கசப்பான இத்தனையையும் விழுங்குகிறவனுக்கு இனிப்பு ஒரு வாய் கூடத் தின்ன நியாயம் இருக்கிறது என்பது அவர் கட்சி. வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வாங்கிவந்து ஒளித்துவைப்பார். இங்கேதான் கொடி அவரைப் படாதபாடு படுத்தியது. மெயின் போர்டுப் பெட்டிக்குள் பொட்டலத்தை வைத்தால், காலையில் பெட்டியின் மேல் ஒரு பாகற்காய் தொங்கும். பரணில் பழைய ஹெல்மெட்டுக்குள் வைத்தால், அங்கே ஒன்று தொங்கும். தலையணை உறைக்குள் வைத்துப் படுத்தவர், காதோரம் முள்ளு குத்தி எழுந்தார். வடிவு தேட வேண்டிய அவசியமே இல்லாமல், காய் தொங்குகிற இடமெல்லாம் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்துக் கோழிக்குப் போட்டாள்.

"இது என்ன கொடியா, இல்ல போலீசா?" என்று அவர் கத்துவார்.

"ஒங்க அம்மா வீட்டுச் சீதனம்னு நெனச்சுக்கிடுங்க" என்பாள் வடிவு.

ஆனி கடைசியில், பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திரும்பிவந்த ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றினார். வடிவு தரையைப் பார்த்துவிட்டு அலறினாள். வாசலிலிருந்து நாற்காலி வரை ரத்தத் தடம். செருப்புக்குள் ஒரு கண்ணாடிச் சில்லு கிடந்தது. அவர் அதை மிதித்துக்கொண்டே போய், மிதித்துக்கொண்டே அல்வா தின்று, மிதித்துக்கொண்டே திரும்பி வந்திருக்கிறார். அவருக்குத் தெரியவே இல்லை. ஒரு காலத்தில் ஈர மண்ணில் கால் வைத்த மாத்திரத்தில் எந்த போஸ்ட்டில் கரண்டு கசிகிறது என்று சொன்ன உள்ளங்கால் அது. எப்போது அது மரத்துப்போனது என்று அவர் யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை.

புண் ஆறவில்லை. டாக்டர் மெர்சி, அவர் மகள் வயசுதான் இருக்கும், கட்டைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு கோபப்படாமல் பேசினாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஐயா, சுகர் இப்படியே இருந்தா இந்தப் புண்ணு ஆறாது. மேல ஏறும். அப்ப விரலை எடுக்கணும். அதுவும் பத்தலைன்னா பாதத்தை எடுக்கணும்."

"பாகற்காய் தின்னா சரியாயிருமா டாக்டர்?" வடிவு கேட்டாள்.

"காய் நல்லதுதாம்மா. ஆனா காயைத் தின்னுட்டு அல்வாவும் தின்னா காய் பாவம் என்ன செய்யும்? மாத்திரையை நிறுத்தக்கூடாது. கால்ல செருப்பு இல்லாம நிக்கக்கூடாது. வீட்டுக்குள்ளேயும்தான். அல்வாவை விடுங்க ஐயா. எனக்கு வேற மருந்து தெரியல."

வீட்டுக்கு வந்து, கொடிக்கு நடுவே வழி விலக்கி அவரை நாற்காலியில் உட்காரவைத்த வடிவு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நாற்பது வருஷத்தில் அவர் அவளை அப்படி அழவைத்தது கிடையாது.

"நீங்க போஸ்ட்டுல ஏறுத ஒவ்வொரு நாளும் நான் தாலியக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அதுல எல்லாம் ஒண்ணும் ஆகல. ரிட்டயர்டு ஆயி, சேர்ல உக்காந்து, நாக்குக்காகக் காலக் குடுக்கப் போறீய. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

ஆவுடையப்பன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியின் கையில் வைத்தார். அங்கே தொங்கிய பாகற்காய் உள்ளங்கையில் பட்டது. "இது எதுக்குட்டி என் பின்னாலயே வருது?" என்றார். கேள்வியில் முதல் தடவையாகக் கோபம் இல்லை.

வடிவு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க யாருக்கு விட்டீய?"

"அம்மைக்கு. அப்பா மொகம் எனக்குத் தெரியாதே. அம்மைய நெனச்சுத்தான் விட்டேன்."

"அத்தை பாகற்காய வச்சுக்கிட்டு அங்கன என்ன செய்வாவ? அவியளுக்கும் பிடிக்காதுல்லா. ஒன் காய நீயே வச்சுக்கன்னு திருப்பி அனுப்பிட்டாவ."

அவள் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். ஆனால் அது ஆவுடையப்பன் நெஞ்சில் போய்த் தைத்தது. அவர் அம்மா சொர்ணத்தம்மாள், நெல் அவித்து விற்று அவரை ஆளாக்கினவள். முதல் சம்பளத்தில் அவர் அவளுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார். ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "எய்யா, எனக்குப் போதும், நீ தின்னு" என்று இலையை அவர் பக்கம் தள்ளினாள். அப்புறம் ஒவ்வொரு சம்பளத்துக்கும் அதே ஒரு கிள்ளு, அதே தள்ளல். அவளுக்கு இனிப்பு பிடிக்காது என்றுதான் அவர் அவள் சாகிறவரைக்கும் நினைத்திருந்தார். அப்படி ஒரு தாய்க்குக் கயா வரை போய், ரயில் ஏறி, மொட்டை அடித்து, நாக்கூசாமல் பாகற்காயைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோமே என்று நினைத்ததும் அவருக்கு வெட்கமாகிப்போனது. வெட்கம் ஆறுவதற்குள் அழுகை வந்துவிட்டது.

"ஏட்டி, ஆடி அமாவாசை எப்ப வருது?" என்று கேட்டார்.

ஆடி அமாவாசைக்குத் தெருவே ஒரு வேன் பிடித்துப் பாபநாசம் போனது. காலில் கட்டோடு ஆற்றுக்குள் இறங்கக்கூடாது என்பதால், கோலப்பனும் இன்னொருவரும் ஆவுடையப்பனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கடைசிக்கு முந்தின படியில் உட்காரவைத்தார்கள். மடியில் அல்வாப் பொட்டலம். வரும் வழியில் கடை முன்னால் வேனை நிறுத்தி அவர் கையாலேயே வாங்கியது. இலை வழியாகச் சூடு தொடையில் இறங்கிக்கொண்டிருந்தது, நெய் மணம் வேன் முழுக்க வந்தது, வழியெல்லாம் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைத்து முடிந்ததும் அவர் ஐயரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"கயாவுல ஒரு தடவை விட்டாச்சே. அதை மாத்திக்கறதுக்கு மந்திரம் கிடையாதே" என்றார் ஐயர்.

"மந்திரம் வேண்டாம் சாமி. அது களவாணித்தனமா விட்டது. நீங்க சாட்சிக்கு நில்லுங்க போதும்."

ஐயர் யோசித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். "சரி, உங்க அம்மாகிட்டப் பேசறதுக்கு நான் என்ன நடுவுல" என்று சொல்லி விலகி நின்றார்.

ஆவுடையப்பன் பொட்டலத்தைப் பிரித்தார். எச்சில் ஊறியது. இவ்வளவு தூரம் வந்தும், இவ்வளவு அழுதும், வெட்கமில்லாமல் ஊறியது. அவர் அதை விழுங்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்: "எம்மா, இது ஒனக்கு. கிள்ளிக்கிட்டுத் தள்ளாத. முழுசும் ஒனக்குத்தான். இனிமே நான் தொடமாட்டேன். அந்தப் பாகற்காய மட்டும் நான் திரும்ப வாங்கிக்கிடுதேன், என்ன?" இலையோடு தண்ணீரில் விட்டார். பாபநாசத்து மீன்கள் கறுப்பாகத் திரண்டு வந்து, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, வெறும் இலையைத் திருநெல்வேலிப் பக்கம் அனுப்பிவைத்தன. அவருக்குப் பின்னால் கோலப்பன் குரல் கேட்டது. "அப்பா, அந்த அகத்திக்கீரை விஷயம்... நானும் பஜ்ஜிய விட்டுருதேன்ப்பா." அதற்கப்புறம் ஐயருக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை, காந்திமதி நகர் முழுக்க வரிசையில் நின்று கயாக் கணக்கை நேர் செய்தது.

மறுநாள் மத்தியானம் வடிவு பாகற்காயை மெல்லிசாக வில்லை வில்லையாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசறி, வெங்காயத்தோடு வதக்கி அவர் தட்டில் வைத்தாள். ஜன்னலில் மூன்று வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பன் ஒரு வில்லையை வாயில் போட்டு மென்றார்.

"எப்படி இருக்குவே அண்ணாச்சி?" என்று கோலப்பன் கேட்டார்.

"கசக்கு" என்றார் ஆவுடையப்பன். "நல்லாக் கசக்கு." பிறகு இன்னொரு வில்லையை எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கொடி அவர் பின்னால் வரவில்லை. மின்விசிறியை விட்டது, நாற்காலியை விட்டது, பின்கட்டில் துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒதுங்கிக்கொண்டது. செண்பகம் டீச்சர் கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வேரு வந்துட்டு" என்று அறிவித்தாள். கோலப்பனின் அகத்தி மட்டும் குளியலறையை விட்டு நகரவில்லை. மரத்துக்கு அடியில் குளித்துப் பழகிய கோலப்பனும் அதை நகரச் சொல்லவில்லை.

இனி எல்லாம் சுகம் என்று கதையை முடித்துவிடலாம்தான். ஆனால் ஆவுடையப்பனுக்கு அந்தப் புரட்டாசியும் ஐப்பசியும் லேசில் கழியவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் அது இன்னொரு களவாணித்தனம். ஆசை அறுபது நாள் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்களே என்று அறுபது நாளும் பொறுத்துப் பார்த்தார். அறுபத்தோராம் நாள் ஆசை புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது. சாயங்காலம் சட்டி இறங்குகிற நேரம் உடம்பு தானாக எழுந்து நிற்கும். எழுந்து நின்ற உடம்பை வடிவு முருங்கைக்கீரை ஆயச் சொல்லி உட்காரவைப்பாள். புண் ஆறி, தையல்காரர் அளவெடுத்த மாதிரி காலுக்கென்றே செய்த செருப்பு வந்தபிறகு, அந்த நேரத்துக்குக் கோலப்பன் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த் திசையில், வாய்க்கால் கரையோடு நடத்திக்கொண்டு போவார். முதலில் மதகு வரை. பிறகு அதற்கு அந்தப்பக்கம் இருந்த மருதமரம் வரை. பிறகு ஒருநாள், பேச்சு சுவாரசியத்தில், அடுத்த ஊருக்கே போய்விட்டார்கள்; இரண்டு வீட்டுப் பெண்களும் ஆள் விட்டுத் தேடினார்கள்.

தை மாதம் ஒரு கல்யாணத்தில் அவர் இலையில் யாரோ தெரியாமல் அல்வா வைத்துவிட்டுப் போனார்கள். வடிவு பெண்கள் பந்தியில் இருந்தாள். கோலப்பன் கை கழுவப் போயிருந்தார். தலைக்கு மேலே பார்த்தார், பந்தலில் கொடி கிடையாது. அதற்கு இப்போது வேர் வந்துவிட்டது, வீட்டை விட்டு வரமுடியாது. உலகத்தில் அவரைப் பார்க்க ஒருவரும் இல்லை. அல்வா இலையில் நெய் கசிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. ஆவுடையப்பன் அதை வெகுநேரம் பார்த்தார். அது அவர் அம்மாவின் பங்கு என்று தோன்றியது. அவள் பங்கை எடுக்கக் கை கூசியது. ரசம் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்கு வந்து இதை அவர் வடிவிடம் சொல்லவும் இல்லை.

டாக்டர் மெர்சிக்கு ஒரே சந்தோஷம். விரல் தப்பியது, பாதம் தப்பியது, ரத்தத்தில் சர்க்கரை அடங்கியது. "ஆனா மரத்துப்போன உணர்ச்சி திரும்பி வர்றது கஷ்டம் ஐயா. வரும்னு நான் சொல்லமாட்டேன். காலை தினமும் பார்த்துக்கணும்" என்றாள். ஆவுடையப்பன் அதற்கும் தலையாட்டினார். காலே போயிருக்க வேண்டியது, கால் இருக்கிறது, அதற்கு மேல் கேட்பது பேராசை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் காலையில் கட்டிலை விட்டு இறங்குகிறபோது, பாதம் தரையைத் தொட்டதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருப்பதில் அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது.

அடுத்த சித்திரை வந்தது. வெயில் கொளுத்தியது. கொடி தெரு தின்றது போக மீதம் காய்த்ததால் வடிவு வத்தல் போட்டாள். மோரில் ஊறவைத்த பாகல் வில்லைகள் மொட்டை மாடி முழுக்கப் பழைய வேட்டியில் காய்ந்துகொண்டிருந்தன. மத்தியானம் திடீரென்று காற்று வீசி வேட்டி புரண்டது. வத்தல் பறந்துவிடுமே என்ற அவசரத்தில் ஆவுடையப்பன் செருப்பை மாட்டாமல் மாடிக்கு ஓடினார். ஓடினார் என்பதை அவரும் கவனிக்கவில்லை, கீழேயிருந்து பார்த்த வடிவும் கவனிக்கவில்லை. வேட்டியின் முனையில் செங்கலை வைத்துவிட்டு நிமிர்ந்தவர், அப்படியே நின்றார்.

"ஏட்டி வடிவு!"

குரலைக் கேட்டு அவள் பதறிப்போய் மேலே வந்தாள். வந்தவள் முதலில் பார்த்தது அவர் காலைத்தான். "செருப்பு எங்க? படிச்சுப் படிச்சு டாக்டர் சொல்லியும் வெறுங்காலோட..."

"சுடுதுட்டி" என்றார் ஆவுடையப்பன்.

"என்னது?"

"காலு சுடுதுட்டி! தீயா சுடுது!"

எதிர் மாடியில் கோலப்பன் எழுந்து பார்த்தார். துணி காயப்போட்ட செண்பகம் டீச்சர் ஈரத் துணியோடு நின்றாள். வடிவு அவர் கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தாள். "சுட்டா இந்தப் பக்கம் வாங்களேன், கூறுகெட்ட மனுசா! கொப்புளம் போட்டுரும்!"

அவர் முகமெல்லாம் தண்ணீராக, ஒரு காலை மாற்றி மறு காலை ஊன்றிக்கொண்டு, பிடித்த கையை விடாமல் சொன்னார்: "இருட்டி, வாரேன். இன்னும் கொஞ்சம் சுடட்டும்."